டீசலில் சத்து போய்விட்டதாம்

நிலப் போராட்டத்துக்கான சனிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் அண்ணன் பேசிய வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். கந்தகத்தை எடுக்கிறோம் என்று சொல்லி டீசலின் சத்தையே உறிஞ்சிவிட்டார்களாம். அதனால்தான் நம் இன்ஜினெல்லாம் படுக்கிறதாம். கைதட்டல் வேறு.

நிலத்துக்காகப் போராடுங்கள், நானும் வருகிறேன். பனங்குடி பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு நியாயமான இழப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அதற்கு வேதியியலை ஏன் திட்ட வேண்டும்?

கந்தகம் டீசலில் மிதக்கிற தூசி இல்லை, வடிகட்டி எடுக்க. கார்பனோடு பிணைந்து வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோபால்ட், மாலிப்டினம் ஏற்றிய அலுமினா வினையூக்கியின் மேல், 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தினால்தான் அந்தப் பிணைப்பு அறும். டைபென்சோதயோபீன் என்ற கந்தகச் சேர்ம வகையில் சிலவற்றில் கந்தகத்துக்கு இரண்டு பக்கமும் மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த கொத்து, காவலுக்கு நிற்கும். வினையூக்கி கிட்டவே போக முடியாது. பக்கத்து பென்சீன் வளையத்தில் ஹைட்ரஜன் ஏற்றி, அது நெளிந்து வழிவிட்ட பிறகுதான் கந்தகம் கைக்கு வரும். டீசலில் கந்தக வரம்பு 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) என்பது 50 ஆகி, 2020 ஏப்ரலில் நாடு முழுக்க 10 ஆனது இப்படித்தான். அந்தக் கடைசிக் கொஞ்சத்தை எடுப்பதற்குள் உயிர் போகும்.

அனுபவித்துச் சொல்கிறேன். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் அம்மா துணியை வாங்கி மூக்கைச் சுளிப்பார். "என்னடி, அழுகின முட்டை நாத்தம்?" ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மா. பிரிந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வரும் வாயு. அதிலிருந்துதான் மஞ்சள் கந்தகத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். உலகத்துக் கந்தகத்தில் பெரும்பங்கு இன்று பெட்ரோலிய, எரிவாயு ஆலைகளில் கிடைப்பதுதான். நம் டிஏபி உரத்துக்கு கந்தக அமிலம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்? உளுந்தில் சாம்பல் நோய் வந்தால் எதை அடிக்கிறீர்கள்?

"எங்க மெக்கானிக்கே பம்ப் தேயுதுன்னு சொன்னாரே" என்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. கந்தகத்தோடு சேர்ந்து, இயல்பாகவே வழுக்கல் தந்த வேறு சில பொருள்களும் போய்விடும். அதற்காகத்தான் ஆலையிலேயே மசகுத்தன்மைக்கான சேர்மானம் கலக்கிறார்கள். அண்ணன் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் "வளையம் வளையமாக விஷம்" என்று ஒரு வசனம். பென்சீன் மாதிரி வளைய மூலக்கூறுகளைச் சொல்கிறார். பென்சீன் புற்றுநோய் தரும், யார் மறுத்தது? ஆனால் கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் லேசான திரவமான நாஃப்தாவை பிளாட்டினம் வினையூக்கியில் செலுத்தினால் பென்சீனோடு டொலுவீனும் சைலீனும் வரும். பாராசைலீனில் தொடங்குவதுதான் பாலியெஸ்டர். மேடையில் மடிப்புக் கலையாமல் நின்ற அந்தச் சட்டையைச் சொல்கிறேன். அந்த பிளாட்டினத்துக்கும் கந்தகம் ஆகாது. அதனால் அங்கேயும் முதலில் கந்தகத்தை எடுத்தாக வேண்டும்.

கமெண்டில் ஒருவர் என்னைக் "கம்பெனி ஆள்" என்கிறார். கம்பெனி காசு வாங்கினவள் தினமும் மன்னார்குடி பஸ்ஸில் நின்றுகொண்டா போவாள்? அப்பாவின் நடவுக்கு இன்ஜினுக்கு டீசல் கேனைத் தூக்கிய கைதான் இதையும் டைப் செய்கிறது.

அடுத்த கூட்டத்தில் எனக்கும் பத்து நிமிஷம் மைக் கொடுங்கள். தர மாட்டீர்கள், தெரியும். வேதியியலில் பிஎச்.டி. முடித்தவள் என்று தெரிந்தேதான் போன வருஷம் கூப்பிட்டார்கள். குத்துவிளக்கு ஏற்ற.