லிஃப்ட் கிட் பின் அச்சை உயர்த்தாது

"6 அங்குல லிஃப்ட் கிட் போட்டால் கோல்ஃப் கார்ட்டின் அடிப்பகுதி முழுவதும் தரையிலிருந்து 6 அங்குலம் கூடுதலாக உயரும், டயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஏற்றிருப்பதால் ஒரு திருத்தம் சொல்கிறேன். லிஃப்ட் கிட் என்பது வண்டியின் உடலை உயர்த்த மாட்டும் பாகங்களின் தொகுப்பு. உடல் பகுதி உயர்வது உண்மை. ஆனால் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் கூடு (சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) உயராது.

ஈ-இஸட்-கோ டிஎக்ஸ்டி, கிளப் கார் டிஎஸ் போன்ற கோல்ஃப் கார்ட்டுகளில் பின் சக்கரங்கள் நேரடியாக அச்சில்தான் மாட்டியிருக்கின்றன. லிஃப்ட் கிட் அமர்வது அச்சுக்கு மேலே, அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டகம்) நடுவே. அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவுக்கு. 18 அங்குல டயரைக் கழற்றி 22 போட்டால் அச்சு சுமார் 2 அங்குலம் ஏறும். பெரிய டயர் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் மூடி) உரசாமல் இருக்க இடம் கொடுப்பதே கிட்டின் முக்கிய வேலை.

நீங்களே அளந்து பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து டிஃபரென்ஷியல் கூட்டின் அடி வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிட் மாட்டியதும் பழைய டயரோடே இன்னொரு முறை, புது டயர் போட்டபின் இன்னொரு முறை. டயர் அளவு பக்கச் சுவரிலேயே இருக்கும்: 22x11-10 என்றால் முதல் எண் விட்டம்.

கையில் காசு கொஞ்சம்தான், கல்லும் கட்டையும் கிடக்கும் பாதையில் டிஃபரென்ஷியல் கூடு தட்டுவதுதான் பிரச்சினை என்றால், தயவுசெய்து கிட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.