போம் ஃபைலை நீங்களே படிக்காதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா அப்ளிகேஷன் தனக்கு வேண்டிய ஜார்களை (ஜாவா லைப்ரரி ஃபைல்களை) மேவன் என்ற பில்ட் டூலின் ரெப்போவிலிருந்து தானே இறக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தேவை வந்தால், முதலில் தோன்றுவது இதுதான்: ஒரு லைப்ரரிக்கு வேறு எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று சொல்லும் போம் ஃபைல் வெறும் எக்ஸ்எம்எல் தானே, நாமே படித்துக்கொள்ளலாம். நானும் பிளகின் ஏற்றும் ஒரு டூலுக்காக அப்படித்தான் இருநூறு வரி எழுதினேன். முதல் வாரம் நன்றாக ஓடியது.

அப்புறம் வெர்ஷனே எழுதாத ஒரு டிபென்டன்சி (தேவைப்படும் லைப்ரரி) வந்தது. அந்த வெர்ஷன் பேரன்ட் போமில் இருந்தது. அதைச் சரிசெய்தால் இம்போர்ட் ஸ்கோப் (வேறொரு போமின் வெர்ஷன் பட்டியலை இழுப்பது), அதற்குப் பின்னால் எக்ஸ்குளூஷன் (ஒரு டிபென்டன்சியை விலக்குவது), வெர்ஷன் ரேஞ்ச், வேறு பெயருக்கு இடம் மாறிய ஆர்டிஃபாக்ட். இவற்றைக்கூட ஒவ்வொன்றாகச் சமாளித்துவிடலாம். என்னை உண்மையில் வீழ்த்தியது வெர்ஷன் மோதல். ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷனில் வந்தால் பெரிய எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். கிரேடில் என்ற இன்னொரு பில்ட் டூல் அப்படித்தான் செய்யும். மேவன் அப்படிச் செய்யாது. டிபென்டன்சி மரத்தின் வேருக்கு எது அருகில் இருக்கிறதோ அதை எடுக்கும். தூரம் ஒன்றாக இருந்தால் முதலில் அறிவிக்கப்பட்டதை எடுக்கும். பிளகின் எழுதியவர் மேவனில் சோதித்தது ஒரு வெர்ஷனை, என் டூல் ஏற்றியது வேறொன்றை. விளைவு, ரன்டைமில் நோ சச் மெத்தட் எரர், அதாவது கூப்பிட்ட மெத்தட் இல்லை என்ற பிழை. அதைத் தேடி அவர் எத்தனை மணி நேரம் செலவழித்தார் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், டிபென்டன்சிகளைக் கண்டுபிடித்து இறக்கும் மேவன் ரிசால்வரையே உள்ளே வையுங்கள். 2010-ல் மேவன் 3.0 வந்தபோது, பிற புரோகிராம்களும் பயன்படுத்தும்படி தனி லைப்ரரியாக வந்த ஏதர்தான் இது. எக்லிப்ஸுக்குப் போய், இப்போது அப்பாச்சியில் மேவன் ரிசால்வராக இருக்கிறது. பேக்கேஜ் பெயர் மட்டும் இன்னும் ஆர்க்.எக்லிப்ஸ்.ஏதர் தான். இதனால் பழைய உதாரணங்கள் புதியவை போலவே தெரியும், கவனம். ரிசால்வரின் பகுதிகளைக் கோக்கும் பழைய வழியான சர்வீஸ் லொகேட்டர் வைத்து எழுதிய உதாரணம் கிடைத்தால் விட்டுவிடுங்கள், ரிசால்வர் 2.0-ல் அது நீக்கப்பட்டுவிட்டது. சப்ளையர் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, ரிசால்வரின் மையப் பகுதிக்குப் போம் என்றால் என்னவென்றே தெரியாது. அதைப் படிக்கும் வேலை மேவன் பக்கமிருந்து வரும் புரொவைடருடையது. சப்ளையர் இதையெல்லாம் சேர்த்துக் கோத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மேவனின் அமைப்புகள் இருக்கும் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்லை ரிசால்வர் தானாகப் படிக்காது. மிரர் (ரெப்போவுக்குப் பதிலாக நிற்கும் சர்வர்), பிராக்ஸி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நாம்தான் படித்து ரிசால்வரின் செஷனில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், உள் மிரர் வழியாக மட்டுமே இறக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உள்ள இடத்திலும் நம் டூல் நேராக வெளியே போய்க் கதவைத் தட்டும். கதவு மூடியிருந்தால் டைம்அவுட். திறந்திருந்தால் இன்னும் மோசம்: பாதுகாப்புக் குழு போட்ட வடிகட்டலை, யூசருக்கே தெரியாமல், நாம் தாண்டிவிட்டோம்.

லோக்கல் ரெப்போவையும் யோசியுங்கள். மேவன் இறக்கியதைச் சேமிக்கும் யூசரின் எம்2 ஃபோல்டரையே பகிர்ந்துகொண்டால், பக்கத்தில் ஓடும் பில்டும் நம் டூலும் ஒரே ஃபைலை எழுத நேரலாம். ரிசால்வர் 1.9 வரிசையில் இயல்பாக வரும் லாக் ஒரே ஜேவிஎம்முக்குள் (ஓடும் ஒரு ஜாவா புராசஸுக்குள்) மட்டும்தான் காக்கும். வேறு புராசஸும் எழுதும் என்றால் ஃபைல் லாக்கை நீங்களே இயக்க வேண்டும், அல்லது தனி ஃபோல்டர் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக செக்சம், அதாவது இறக்கிய ஃபைல் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். ரெப்போ பாலிசியை நாம் மாற்றாவிட்டால், செக்சம் பொருந்தாத ஜாருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், ஜார் உள்ளே வந்துவிடும். இறக்கியதை அதே ஜேவிஎம்மில் ஏற்றி ஓட்டப்போகும் அப்ளிகேஷனுக்கு இது போதாது. ஃபெயில் என்று மாற்றுங்கள், ஒரே வரிதான்.