எண்ணாமல் விட்ட சாவுகளும் சாவுகள்தான்

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வந்து விழுந்தது. கீழே நாலு கைதட்டல் வேறு. இனிமேல் சும்மா இருக்க முடியாது.

2009 பன்றிக் காய்ச்சலில் உலகம் முழுக்கச் செத்தவர்கள் 18,500 பேர்தானாம். சாதாரண ஃப்ளூவிலேயே வருடத்துக்கு லட்சக்கணக்கில் சாகிறார்களாம். ஆகவே அப்போது நடந்த நோய்க் கண்காணிப்பு, தடுப்பூசி எல்லாமே வீண் பீதியாம். படித்தவர்கள் பகிர்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

18,500 என்பது ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டு எண்ணப்பட்ட சாவு. நடந்த சாவு அல்ல. ஒருவர் அந்தக் கணக்கில் வர வேண்டுமென்றால், அவர் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும், சரியான நேரத்தில் மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுத்திருக்க வேண்டும், அது கெடாமல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், முடிவு மேலே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் அவர் கணக்கில் இல்லை. 2009 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம், நோய் பரவலாகிவிட்ட நாடுகள் ஒவ்வொரு நோயாளியையும் பரிசோதித்து எண்ண வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அது சரியான முடிவுதான், ஆய்வகங்கள் திணறிக்கொண்டிருந்தன. ஆனால் அதற்குப் பிறகும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதான் செத்தார்கள் என்று சொல்ல முடியுமா?

2012-இல் வந்த ஆய்வு, அந்த வைரஸ் பரவிய முதல் ஆண்டில் சுமார் 2,84,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதாவது எண்ணப்பட்டதைப் போலப் பதினைந்து மடங்கு. அதில் பாதிக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். பரிசோதனை வசதி எங்கே குறைவோ அங்கேதான் எண்ணப்படாத சாவு அதிகம். அது மதிப்பீடுதானே, எண்ணிய கணக்கு இல்லையே என்பீர்கள். சரி. நீங்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற சாதாரண ஃப்ளூவின் லட்சங்கள் எங்கிருந்து வந்தன? வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 வரை என்பதும் மதிப்பீடுதான். ஒரு பக்கம் மதிப்பீட்டை வைத்துவிட்டு, மறு பக்கம் எண்ணியதை மட்டும் வைத்தால் அது ஒப்பீடே அல்ல.

இன்னொன்று, செத்தவர்கள் யார்? சாதாரண ஃப்ளூ பெரும்பாலும் முதியவர்களைக் கொண்டுபோகும். 2009-இல் இறந்தவர்களில் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழே என்கிறது அதே 2012 ஆய்வு. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெறப் போகிறவர்கள்.

என் சித்தி மகள் அப்போது நிறைமாதம். அவள் அலுவலகத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தது. இவளுக்குக் காய்ச்சல் வந்ததும் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்டோம், தேவையில்லை என்றார்கள். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று இருக்கிறது. குழந்தையும் தங்கவில்லை. சித்தி இன்றைக்கும் அவளுடைய அலமாரியைத் திறப்பதில்லை. அந்த 18,500-இல் அவள் இல்லை. அது பன்றிக் காய்ச்சல்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார். சொல்ல முடியாது ஐயா. யாரும் பார்க்கவில்லை. நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பதே அதைத்தான்.

கண்காணித்த இடங்களில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவில் முதல் சில மாதங்களில் பதிவான சாவுகளில் சுமார் 5 சதவீதம் கர்ப்பிணிகள், மக்கள்தொகையில் அவர்கள் ஒரு சதவீதம்தான் என்று தெரியவந்தது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முடிவுக்குக் காத்திருக்காமல் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குங்கள், தடுப்பூசி வந்ததும் அவர்களை முதல் வரிசையில் வையுங்கள் என்று சொல்ல முடிந்தது. எண்ணியதால்தான் சொல்ல முடிந்தது.

அடுத்து, தடுப்பூசி தாமதமாக வந்தது, அதனால் பயனில்லை என்கிறார்கள். தாமதமாக வந்தது உண்மை. ஏப்ரலில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். கோழிமுட்டையில் வளர்த்து, சுத்திகரித்து, சோதித்துக் கைக்கு வரும்போது செப்டம்பர், அக்டோபர் ஆகிவிட்டது. பல இடங்களில் அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் இதிலிருந்து கண்காணிப்பே வேண்டாம் என்று எப்படி முடிவுக்கு வருகிறீர்கள்? வைரஸை ஒரு மாதம் முன்னால் பிடித்திருந்தால் ஊசியும் முன்னால் வந்திருக்கும். 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) கண்காணிப்பு வலையமைப்பு செய்துவரும் வேலையே இதுதான். சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, காய்ச்சலோடு இருமலோடு வருகிறவர்களைப் பதிவுசெய்து, வாராவாரம் மாதிரி அனுப்புவது. அலுப்பான வேலை. யாரும் பாராட்டுவதில்லை.

பக்கவிளைவு? அதையும் சொல்கிறேன், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு நார்கோலெப்ஸி என்ற தூக்க நோய் வந்தது 2010-இல் பின்லாந்திலும் சுவீடனிலும் தெரியவந்தது. 1976-இல் அமெரிக்காவில் போட்ட பன்றிக் காய்ச்சல் ஊசியில் லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாகக் குய்லான்-பாரே என்ற, கைகால்களைத் தளரச் செய்யும் நரம்பு நோய் வந்தது, திட்டத்தையே நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அது சின்ன எண் அல்ல, அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் இந்த இரண்டையும் கண்டுபிடித்தது யார்? நீங்கள் வீண் என்று சொல்கிற அதே கண்காணிப்பு.

மருந்து நிறுவனங்கள் லாபம் பார்த்தன என்றால், பார்த்தன. பெருந்தொற்று பற்றி ஆலோசனை சொன்ன நிபுணர் குழுவில் யார் யார் என்பதை உலக சுகாதார நிறுவனம் அப்போதே வெளியிட்டிருக்க வேண்டும். அதை நானும் கேட்கிறேன். அதற்காகச் செத்தவர்களைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

அப்புறம் எங்களைப் போன்றவர்களைப் பீதி கிளப்புகிறவர்கள் என்று எழுதியிருந்தார்கள். பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், முதியவர், ஆஸ்துமாக்காரர், சர்க்கரை நோயாளி இருந்தால், ஃப்ளூ ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். பரிசோதனை வேண்டுமென்றால் அழுத்திக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். நாங்கள் அன்றைக்குச் சண்டை போடவில்லை, மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டோம்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் தருவேன். எங்கள் வீட்டுப் பெண்ணின் சாவை விதி என்று எழுதுகிற கருத்துகளை மட்டும் நீக்கிவிடுவேன், எழுதியவர் உறவினராக இருந்தாலும்.