500 ரூபாய்க்குள் ஒரு நல்ல பேனாக்கத்தி

500 ரூபாய்க்குள் நல்ல பேனாக்கத்தி வாங்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே சொல்வேன். ஆனால் அதில் பட்டன் இருக்காது, கருப்புப் பூச்சு இருக்காது, பாட்டில் திறக்கும் கொக்கியும் விசிலும் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேலைக்கு மட்டும் நன்றாக உதவும். அப்படி ஒரு கத்தி போதும் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னக் கத்தி ஆசைக்கு வாங்குகிற பொருள் இல்லை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறவருக்கு வேண்டும். வாழைத் தோட்டத்தில் காய்ந்த இலையை அரிய, கயிறு அறுக்க வேண்டும். தோவாளையில் பூ கட்டுகிறவருக்கு நார் நறுக்க வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர் இடுப்பில் கத்தி இல்லாமல் வலையைத் தொட மாட்டார். வயரிங் வேலை செய்யும் பையனுக்கு நாள் முழுக்க வேண்டும். 500-இல் 300-ஐத்தான் கத்திக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன், மிச்சம் தீட்டுகிற கல்லுக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். இவர்களில் யாருக்குமே 300 ரூபாய் சும்மா வருவதில்லை, அது கிட்டத்தட்ட அரைநாள் கூலி. அதைக் கொடுத்து வாங்கிய கத்தி ஒரு மாதத்தில் ஆடத் தொடங்கினால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். என் பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் வாங்கிய ஒரு கத்தி, ராணுவத்தில் பயன்படுத்துவது என்று எழுதி விற்றது, பச்சைத் தேங்காய் மட்டையில் இரண்டு முறை இறங்கியதுமே வாய் மடங்கிப்போனது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை.

விலை குறைந்த கத்தியில் பணம் எங்கே போகிறது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். 300 ரூபாயில் கடைக்காரர் லாபம், பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் கத்தியைச் செய்ய வேண்டும். அந்த மிச்சத்திலும் ஸ்பிரிங், பூட்டு, கிளிப், நாலைந்து திருகாணி, கலர் பூச்சு என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் எஃகுக்கும் அதைச் சரியாகச் சூடேற்றி, சட்டென்று முக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கும் தோய்ச்சல் போடுவதற்கும் எவ்வளவு இருக்கும்? உறுப்புகள் குறையக் குறைய அலகுக்கு, அதாவது வெட்டுகிற தகட்டுக்கு, கிடைக்கும் பணம் கூடும். கையில் காசு குறைவாக இருக்கிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 'பதினொன்று வேலை ஒரே கருவியில்' என்று வருகிறதே, அதை இந்த விலையில் தொடவே தொடாதீர்கள். நல்ல கம்பெனி அப்படிச் செய்தால் விலை ஆயிரங்களில் போகும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் 1884-இல் தொடங்கிய பட்டறை. அத்தனை கருவிகளை ஒரே பிடிக்குள் ஆடாமல் அடுக்க அவர்களால் முடிகிறது, அதற்கான விலையையும் வாங்குகிறார்கள்.

உலகத்தில் பேர் வாங்கிய ஏழைகளின் கத்திகளைப் பார்த்தாலும் இதே கதைதான். பிரான்சின் மலைநாடான சவாயில் 1890 வாக்கில் ஜோசப் ஓபினல் செய்த கத்தி இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் வருகிறது. ஒரு அலகு, ஒரு மரப்பிடி, ஒரு ஆணி, ஒரு உலோக வளையம். அலகு மடங்காமல் தடுக்க மேலே சுழலும் பூட்டு வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி இதைவிட எளிமை. மடித்த தகடுதான் பிடி, பூட்டே கிடையாது, அலகின் பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்வீடனின் மோரா கத்தி மடங்கவே மடங்காது, பிளாஸ்டிக் பிடியும் உறையும்தான். மூன்றுமே விவசாயியும் தச்சரும் வாங்கக்கூடிய விலைக்கென்று செய்தவை. மூன்றிலும் காசு அலகுக்குள்தான் இருக்கிறது. இங்கே இறக்குமதியாகி வரும்போது விலை ஏறிவிடுகிறது, அது வேறு விஷயம். செய்த விதத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

சரி, எஃகுக்கு வருவோம். அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று அச்சடித்திருந்தால் அது எதையும் சொல்லிவிடாது. சாப்பாட்டுத் தட்டும் ஸ்டெயின்லெஸ்தான். கத்திக்கு வேண்டியது கார்பன். தோய்ச்சலில் எஃகைக் கடினமாக்குவது அதுதான். மலிவுக் கத்திகளில் அதிகம் வரும் 3சிஆர்13 என்ற சீன எஃகில் கார்பன் 0.3 சதவீதம் அளவுக்குத்தான். அதே சீனாவின் 8சிஆர்13மோவி எஃகில் 0.8 சதவீதம். இரண்டிலும் துரு தடுக்கும் குரோமியம் 13 சதவீதம் அளவில் இருக்கிறது, ஆனால் கூர் நிற்பதில் நல்ல வித்தியாசம். கொஞ்சம் பணம் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு இந்த 8சிஆர் வகை போதும் என்பேன். '440' என்பதும் ஒரு ஸ்டெயின்லெஸ் எஃகு வகையின் எண்தான், ஆனால் அது மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். 440-இல் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. ஏ-யில் கார்பன் 0.6 முதல் 0.75 சதவீதம், சி-யில் ஏறக்குறைய 1 சதவீதம். சி-யைப் போட்டவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பாத்திரம் செய்கிற வகை எஃகு. எவ்வளவு சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் கடினமாகாது. உடனே கீழே வைத்துவிடலாம். ஒட்டினால் நல்ல கத்தி என்று அர்த்தமில்லை, மோசமான ஒரு வகையைத் தள்ளிவிட்டோம், அவ்வளவுதான். அப்புறம் அலகை விரித்து இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுகிறது என்றால் வேலையில் இன்னும் ஆடும். பூட்டு உள்ள கத்தி என்றால் விரித்து வைத்து, வாயின் பாதையில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி ஒருநாள் உங்கள் விரலில்தான் மூடும். பூட்டில்லாத கத்தியாவது கவனமாகப் பிடிக்கச் சொல்லும், நழுவுகிற பூட்டு நம்ப வைத்துக் கழுத்தறுக்கும். மடக்கும்போது அலகு நடுவில் இறங்குகிறதா, பக்கத்தில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

கருப்புப் பூச்சும், அலைஅலையாக வரி போட்ட 'டமாஸ்கஸ்' அலகும் இந்த விலையில் வெறும் மேல்பூச்சுதான். இரண்டு எஃகைச் சேர்த்து அடித்துச் செய்யும் உண்மையான வரி 300 ரூபாய்க்கு வராது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கடைகளிலும், கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளிலும் இப்படி மின்னுகிற கத்திகள் நிறையத் தொங்கும். அவை பிள்ளைகள் கேட்டு அழுவதற்கு, வேலைக்கு அல்ல.

அப்படியென்றால் எங்கே போவது? முதலில் விவசாயக் கருவிக் கடைக்குப் போங்கள். ரப்பரிலும் மாவிலும் ஒட்டுக்கட்டப் பயன்படும் ஒட்டுக்கத்தி என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பேனாக்கத்தியாக நினைத்தே பார்ப்பதில்லை. பையில் போடும் அளவு, மடங்கும், பிடி எளிமையானது. ஒட்டுக்கு வெட்டு மழமழவென்று விழவில்லை என்றால் ஒட்டுப் பிடிக்காது. அதனால் கூர் நிற்காத கத்தியை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறுபடி வாங்குவதில்லை. தினமும் பயன்படுத்துகிறவன் திரும்ப வந்து கேட்கிற பொருளில் ஏமாற்றுவது கடினம், இதை நான் மிகவும் நம்புகிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பல ஒட்டுக்கத்திகளில் வாய் ஒரு பக்கம் மட்டுமே சரிந்திருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும். எலக்ட்ரீசியன் கத்தியையும் இதே கணக்கில் ஹார்டுவேர் கடையில் பார்க்கலாம்.

அடுத்தது, என் மனதுக்கு மிகவும் பிடித்த வழி, கொல்லப்பட்டறை. வெட்டுகத்தியும் பாளை அருவாளும் அடிக்கிற ஆசாரிக்கு ஒரு சின்னப் பிச்சாத்தி அடிப்பது பெரிய வேலை இல்லை. மடக்குக்கத்தியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மடக்கும் இடத்தை ஆடாமல் செய்வதற்குத்தான் கூலி அதிகம். மூன்று விரல் நீளத்துக்கு மடக்காத அலகு, ஒரு மரப்பிடி, பழைய தோலிலோ கெட்டி பிளாஸ்டிக் குழாயிலோ ஒரு உறை. சட்டைப்பைக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான், இடுப்பிலும் வேலைப்பையிலும் சரியாக இருக்கும். எஃகு என்னவென்று கேளுங்கள். லாரி வில்பட்டை, அதாவது லாரிக்கு அடியில் ஸ்பிரிங்காக இருக்கும் வளைந்த எஃகுப் பட்டை, என்றால் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளலாம், அதில் கார்பன் 0.6 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. கட்டடக் கம்பியில் அடித்தால் வேண்டாம். நான் கேட்டபோது பட்டறைக்காரர் சொன்னது: "பட்டை எதுவானாலும் தோய்ச்சல் தப்புனா தகரம்தான் மக்களே." சிவக்கக் காய்ச்சித் தோய்த்ததும் எஃகு கண்ணாடிபோல் உடையக்கூடியதாக இருக்கும். பிறகு குறைந்த சூட்டில் மறுபடி காட்டினால்தான் கடினமும் உறுதியும் சேர்ந்து வரும். அந்த இரண்டாவது சூட்டை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அதனால் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். பிடியை ஒட்டிய இடத்தில் ஒரு சிறிய அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். ஆணியைத் தேய்க்கும்போது போல அரம் கடித்தால் மென்மை, வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரிச் சொல்வேன். உப்புக்காற்றில் வில்பட்டைக் கத்தி ஒரே இரவில் சிவக்கும். கடலுக்குக் கொண்டுபோகிறவர் கூர் கொஞ்சம் குறைந்தாலும் துருப்பிடிக்காத எஃகை எடுப்பதே சரி. அதிலும் உப்புத்தண்ணீர் நின்றால் புள்ளி விழும், நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். மேற்கே தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. மாங்காய், வாழைக்கறை பட்டு அலகு கருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சிவப்புத் துரு இல்லை. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். சக்கைப் பால் (பலாப் பிசின்) ஒட்டியிருந்தாலும் அதே எண்ணெயில் போய்விடும். பழத்தையும் அதே கத்தியால் வெட்டுகிறோம், அதனால் இஞ்சின் ஆயில் வேண்டாம்.

இப்போது, 500 ரூபாயையும் கத்திக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன். 300-க்குக் கத்தி, மிச்சத்துக்குக் கல். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாகக் கார்போரண்டம் கல் கிடைக்கும். 1954-இல் தொடங்கிய சென்னை கம்பெனியான கார்போரண்டம் யுனிவர்சல் மாதிரி நம் ஊர்த் தயாரிப்பே போதும், வெளிநாட்டுக் கல் தேவையில்லை. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள அலகு என்றால் முதுகைக் கல்லிலிருந்து 7 மில்லிமீட்டர் தூக்கிப் பிடியுங்கள், ஏறக்குறைய 20 டிகிரி வரும். கத்தி வாயில் மார்க்கர் பேனாவால் மை தடவிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் தீட்டுகிறீர்கள். நுனி வரை அழிய வேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும், விரலைக் குறுக்கே வைத்தால் தட்டும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகு பக்கம் மாற்றுங்கள். அதற்கு முன் மாற்றினால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் வராது. பலர் கல்லைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். கடைசியில் நைசு பக்கத்தில் லேசாக இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக நாலைந்து முறை தேய்த்தால் பிசிறு போய்விடும். வாயை வெளிச்சத்துக்கு நேரே மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளையாக மின்னும்.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் காய்ந்தபடியே பிடித்து வாய் நீலமாகிவிட்டால், வில்பட்டைக் கத்தியின் தோய்ச்சல் அந்த இடத்தில் போயிற்று. அந்தப் பகுதி தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது.

சட்டம் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவைதான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை நீங்கலாக. நாம் பேசுவது மூன்று அங்குலக் கத்தி. ஆனாலும் பட்டன் அழுத்தினால் பாயும் கத்தியை வாங்காதீர்கள், கூட்டம், ஊர்வலம், பள்ளிக்கூடம் என்று போகும்போது எந்தக் கத்தியும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

மார்த்தாண்டம், திங்கள்சந்தை, வடசேரி பக்கம் இன்னும் வில்பட்டையில் அடித்து, இரண்டு சூடும் காட்டிச் சின்னக் கத்தி செய்து தருகிற பட்டறை எது என்று தெரிந்தவர்கள் ஊர் பெயரோடு சொல்லுங்கள். இந்த மாதம் இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அவர்களை அங்கேயே அனுப்பிவிடுகிறேன்.