கொல்கத்தா லீக் மீண்டு வந்த ஆண்டும், அதற்குள் வராமல் போன இருவரும்

2021 நவம்பர் 18. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே டிரினிடாட் வீரர் மார்கஸ் ஜோசப் கோல் அடித்துவிட்டார். எதிரணியான ரயில்வே எஃப்சி கடைசிவரை முட்டிப் பார்த்தும் பதில் கோல் விழவில்லை. 1-0. நாற்பது ஆண்டுகள் காத்திருந்து முகமதன் ஸ்போர்ட்டிங் மறுபடியும் கல்கத்தா கால்பந்து லீக்கின் சாம்பியன் ஆனது. மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர், தங்கள் கிளப் இந்தக் கோப்பையைத் தூக்கியதை வாழ்நாளில் பார்த்திராதவர்கள்.

மறுநாளிலிருந்தே ஒரு பேச்சு கிளம்பியது. அந்த ஊரின் பெரிய கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடாத லீக்கில் ஜெயித்தது ஒரு ஜெயிப்பா என்று. அந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஏன் என்று விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். 2020இல் பெருந்தொற்றால் லீக் நடக்கவே இல்லை. மறு ஆண்டு வங்காளத்தின் இந்தியக் கால்பந்து சங்கம், அதாவது எல்லோரும் ஐஎஃப்ஏ என்று சொல்லும் அமைப்பு, லீக்கை மறுபடி தொடங்கியது. பெரிய அணிகள் இரண்டும் களத்துக்கு வரவில்லை. அவர்களை எதிர்த்து ஆட வேண்டியவர்களுக்கு ஆடாமலே வெற்றி, அதாவது வாக்கோவர், கிடைத்தது. காரணம் கேட்டால் காரணம் இருந்தது. மோகன் பகானுக்கு ஆசியக் கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பை ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்காலுக்கு முதலீட்டாளரோடு தகராறு. இருவருக்கும் கோவாவில் ஐஎஸ்எல், அதாவது தேசிய அளவிலான இந்தியன் சூப்பர் லீக், தொடங்கவிருந்தது. சரி, முதல் அணியை அனுப்ப முடியாது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைக் கூடவா அனுப்ப முடியாது? நூறு வயதைத் தாண்டிய, லட்சக்கணக்கான ரசிகர்கள் உள்ள கிளப்புகள் பதினோரு பேரைச் சேர்த்துப் பஸ் ஏற்ற முடியாமல் போனது என்றால் அதை என்னால் நம்ப முடியவில்லை. மனம் இல்லை, அவ்வளவுதான்.

வந்தவர்கள் ஆடினார்கள். ரயில்வே, ஜார்ஜ் டெலிகிராப், யுனைடெட் ஸ்போர்ட்ஸ் போன்ற அணிகள் ஒரு வருடம் சம்பளமும் ஆட்டமும் இல்லாமல் கிடந்த வீரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றன. ஒரு லீக்கை உயிரோடு வைத்திருப்பது யார் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

இந்த லீக்கின் வயது பலருக்குத் தெரியாது. 1898இல் தொடங்கியது. இங்கிலாந்தில் உலகின் முதல் லீக் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் இங்கேயும் ஒன்று வந்துவிட்டது. முதல் சாம்பியன் ஒரு பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவு. முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்று ஒரு காலத்தில் விதியே வைத்திருந்தார்கள். அந்த லீக்கை முதலில் வென்ற இந்திய அணி எது என்று கேட்டால் பலர் மோகன் பகான் என்பார்கள். அவர்கள் வென்றது 1939இல். அதற்கு முன்பே, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது முகமதன் ஸ்போர்ட்டிங். வெளியூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி, மழைச் சேற்றில் வெறுங்காலோடு வழுக்கி விழாமல் இருக்கப் பூட்ஸ் போட்டு ஆடப் பழகி, ராணுவ அணிகளைத் தோற்கடித்த கிளப் அது. அதனால்தான் 2021 வெற்றியை யாராவது ஓசியில் கிடைத்தது போலப் பேசினால் எனக்குப் பொறுப்பதில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. இந்த லீக் நின்று போனது 2020இல் மட்டும் அல்ல. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தின் கொந்தளிப்பில் நின்றது. 1947இல் கலவரத்திலும் பிரிவினையிலும் நின்றது. அப்புறம் 1980. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் லீக் ஆட்டம். களத்தில் இரு அணி வீரர்களுக்கு இடையே மூண்ட மோதல் காலரிக்குப் பரவி, கல்வீச்சும் நெரிசலுமாகி, 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தப் பருவம் பாதியிலேயே கைவிடப்பட்டது. இன்றும் ஒவ்வோர் ஆகஸ்ட் 16 அன்றும் கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் அந்தப் பதினாறு பேர் நினைவாக ரத்ததானம் செய்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1981இல், லீக் மறுபடி நடந்தது. அந்த முறை வென்றது யார் தெரியுமா? முகமதன் ஸ்போர்ட்டிங். அதன் பிறகு 2021 வரை ஒரு முறைகூட இல்லை. அதாவது நின்று போன லீக் எழுந்து வந்த 1981, 2021 ஆகிய இரண்டு பருவங்களிலும் கோப்பை அவர்களிடம் போயிருக்கிறது. இது தற்செயல்தான், இதில் நான் எந்த விதியையும் தேடவில்லை. ஆனால் அந்தக் கிளப்பின் பழைய ரசிகர் ஒருவர் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருந்தால், உள்ளூர்க் கோப்பைக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலை நிமித்தமாகச் சில காலம் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் இருந்தேன். நம்மூர்க்காரர்கள் நிறைய உள்ள பகுதி. எங்கள் அலுவலக நண்பர்கள் ஐஎஸ்எல் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு லீக் ஆட்டங்கள்தான் பிடித்தன. ஜூன், ஜூலை மழையில், மைதான் பகுதியில் உள்ள கிளப் மைதானங்களில் ஆட்டம் நடக்கும். அந்த நிலம் முழுக்க ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. பழைய காலரிகள், தகரம், மரம். கீழே புல் பாதி, சேறு பாதி. பந்து ஓர் இடத்தில் உருளும், அடுத்த அடியில் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிறிய அணியின் பின்வரிசைப் பையன் எந்த ஊர், அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். கையில் ஜால்முரி என்ற காரப்பொரிப் பொட்டலம், மடியில் குடை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று அந்த ஊரில் சொல்வதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜார்ஜ் டெலிகிராப் ஜெயித்தால் என்ன சமைப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அந்த அணிக்காக மழையில் வந்து உட்காரும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சிறிய அணிகளால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவுபடுத்துகிறேன். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே லீக்கை வென்றது. அந்த அணியில் இருந்தவர் பி.கே. பானர்ஜி. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் என்ற மூன்று பெரிய கிளப்புகளில் எதற்கும் ஆடாமலே 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர். அதன் பிறகு 61 ஆண்டுகள் கழித்து 2019இல் பியர்லெஸ் என்ற அணி மூன்று பெரியவர்களையும் பின்தள்ளி லீக்கைத் தட்டிச் சென்றது. அந்த உற்சாகம் அடங்குவதற்குள் பெருந்தொற்று வந்துவிட்டது.

2021க்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சாட்சி. முகமதன் 2022, 2023 ஆண்டுகளிலும் லீக்கை வென்றது. ரஷ்யப் பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவின் கீழ் ஐஎஸ்எல்லுக்கு அடுத்த நிலையில் இருந்த தேசிய லீக்கான ஐ-லீக்கை 2023-24இல் முதன்முறையாக வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறியது. மேலே போன பிறகு அடி வாங்கியது உண்மை. முதல் பருவத்தில் கடைசி இடம், கூடவே பணக் கஷ்டம். ஆனால் மேலே ஏறுவதற்கான படியாக இருந்தது 2021இல் பலர் ஏளனம் செய்த அந்தக் கோப்பைதான்.

இன்னொரு சாட்சி ராபி ஹான்ஸ்தா. கிழக்கு வர்தமான் மாவட்டத்துக் கிராமப் பையன். கொல்கத்தா லீக்கில் கஸ்டம்ஸ் அணிக்கு ஆடியவர். 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டம், எதிரில் கேரளா. தொண்ணூறு நிமிடங்களுக்குப் பிறகு சேர்த்த சில நிமிடங்களில் அவர் அடித்த ஒரே கோலில் வங்காளம் 33ஆவது முறையாகக் கோப்பையை வென்றது. அந்தத் தொடரில் அவர் அடித்தவை 12 கோல்கள். ஐஎஸ்எல் அணிகளில் கோல் அடிக்கும் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களுக்குக் கொடுத்துவிட்டோம். இந்திய அணிக்குக் கோல் அடிக்க ஆள் இல்லை என்று புலம்புகிறோம். ராபி போன்ற ஒருவர் முன்வரிசையில் நின்று ஆடக் கற்றுக்கொள்ள வேறு எங்கே போவார்? கொல்கத்தா லீக்கில் 2023இலிருந்து வெளிநாட்டு வீரர்கள் கிடையாது என்று முடிவு செய்ததை நான் மனதார வரவேற்கிறேன். கோல் அடிக்க வேண்டிய பொறுப்பு உள்ளூர்ப் பையன் தலையில் விழுகிறது. விழட்டும்.

அதற்கு அடுத்ததாகக் கொண்டுவந்த விதியில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஒவ்வோர் அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வங்காள மண்ணின் மைந்தர்களைக் களத்தில் இறக்க வேண்டும் என்கிறார்கள். நோக்கம் புரிகிறது. ஆனால் இந்த லீக்கின் பெருமையில் வெளியூர்க்காரர்களின் பங்கு பெரியது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்று இன்றும் சொல்கிறார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். 1949, 50, 51 மூன்று ஆண்டுகளும் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பை அவர்கள் கையில். பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்காரரான ராமன் விஜயனையும் அதே கிளப் கொண்டாடியது. எண்ணிக்கையை அளவோடு வைத்து, வெளியூர்ப் பையன்களுக்கும் கதவைத் திறந்து வைத்தால் நல்லது.

லீக்கை நடத்துகிறவர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. 2023இல் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி 26 அணிகளோடு நடத்தினார்கள். ஆட்டம் கூடியது நல்லது. ஆனால் 2024 பருவத்தின் சாம்பியன் யார் என்பது மைதானத்தில் முடியாமல் நீதிமன்றம் வரை போய், மறு ஆண்டில்தான் ஈஸ்ட் பெங்கால் என்று உறுதியானது. ஒரு லீக் மீண்டு வந்தது என்று சொல்ல வேண்டுமானால் தொடங்கினால் மட்டும் போதாது, சொன்ன தேதியில் முடிக்கவும் வேண்டும். சாம்பியன் யாரென்று தெரியாமல் ரசிகர்களை மாதக்கணக்கில் காக்க வைப்பது அவர்களுக்குச் செய்கிற அவமதிப்பு.

2025இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்திய வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியப் போகிறது, புதுப்பிக்கவில்லை என்பதால் ஜூலையிலேயே ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. மேல்தட்டு வீரர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பதே கேள்வியானது. அதே ஜூலை மழையில் கொல்கத்தா லீக் நடந்துகொண்டிருந்தது. கேரளத்தில் அக்டோபரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, கோழிக்கோட்டிலும் கண்ணூரிலும் கூட்டம் அள்ளியது. மேலே இருப்பது ஆட்டம் கண்டபோது வட்டார லீக்குகள்தான் நின்றன. அப்போதும் நம் டிவி விவாதங்களில் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இதை எல்லாம் சென்னைக்காரனாக இருந்துகொண்டு எழுதும்போது மனம் கனக்கிறது. நமக்கும் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ் என்று அணிகள் மோதிய லீக் உண்டு. வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உதைக்கும் பிள்ளைகள் உண்டு. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கி, சென்னை லீக்கில் ஆடி வளர்ந்த சென்னை சிட்டி எஃப்சி, 2018-19இல் கோயம்புத்தூரிலிருந்து ஆடி ஐ-லீக்கையே வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பின்தள்ளியது. அடுத்த சில ஆண்டுகளில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது. முகமதன் 40 ஆண்டுகள் லீக்கை வெல்லாமல் இருந்தும் கிளப்பாக இருந்தது. காலரியில் வந்து உட்கார ஆட்கள் இருந்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் ஆட ஒரு லீக் இருந்தது. நாம் நம் லீக்கின் காலரிக்குப் போவதை நிறுத்தி எத்தனை காலம் ஆயிற்று?

எனக்குத் தேவை மூன்றே விஷயங்கள். கொல்கத்தா லீக்குக்கு என்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தேசிய அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும். வாக்கோவர் கொடுக்கும் பெரிய கிளப்புக்கு அபராதத்தோடு நிறுத்தாமல் மறு ஆண்டுக்கும் சேர்த்துப் புள்ளிகளைக் கழிக்க வேண்டும். இதே போன்ற ஒரு லீக்கைச் சென்னையிலும் ஆண்டுதோறும் தவறாமல் நடத்த வேண்டும்.

வரும் மழைக்காலத்தில் கொல்கத்தா போகிற நண்பர்கள் விக்டோரியா மெமோரியலும் ஹவுரா பாலமும் பார்த்துவிட்டு ஒரு மதியத்தை மட்டும் ஒதுக்குங்கள். சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரே வழியில் பாரக்பூர், நைஹாட்டி, கல்யாணி மூன்றும் வந்துவிடும். மூன்றிலும் லீக் ஆட்டங்கள் நடக்கும். அன்று எந்த ஊரில் ஆட்டம் என்று அங்கே இருக்கும் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். குடை அவசியம்.