டிசம்பர் 30 புயல்: அந்த வாட்ஸ்அப் தகவல் பொய்

‘டிசம்பர் 30 அன்று தானே புயல் மாதிரியே ஒரு புயல் கடலூரைத் தாக்கும், வீராணம் ஏரி உடையும், வானிலை மையம் அறிவிப்பு’ என்று மழை தொடங்கும் முன்பே ஒரு தகவல் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வானிலை ஆய்வு மையம் சொல்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மொத்த மழையைத்தான்: இயல்பா, கூடுதலா, குறைவா. அதில் புயலுக்குத் தேதி இருக்காது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும் வாய்ப்பையே ஏறக்குறைய 2 வாரத்துக்கு முன்னால்தான் சொல்கிறார்கள். கரை கடக்கும் இடமோ கடைசி நாட்களில்கூட மாறும்.

அப்புறம் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? 2011 டிசம்பர் 30 அன்றுதான் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பழைய தேதியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பலாவும் முந்திரியும் சாய்ந்ததை மறக்காத நம் ஊரில் அது எடுபடும் என்று தெரிந்தே.

ஏரி உடையும் என்கிறார்களே? வீராணத்துக்குக் கொள்ளிடம் ஆற்றுத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. வரத்தை அங்கேயே குறைக்கலாம். மிஞ்சியதை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவார்கள். ஓடைக்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தத் திறப்பு அறிவிப்பைத்தான்.