41 வயதில் படிக்கப் போனவளுக்கு எது வேண்டும்

போன வருடம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) படிப்பில் சேர்ந்தபோது எனக்கு 41 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் 16 வருடமாகக் கணக்கெழுதுகிறேன். 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதமளவுக்குப் போனபோது, சம்பளம் மாதத்தின் பாதிவரைகூட வரவில்லை. வேறு தொழில் பழக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். கட்டணம் சேர்க்கத்தான் இவ்வளவு காலம் போனது.

சேர முதல் ஓர் இடத்தில் விசாரித்தேன். வயதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எம்.எஸ். ஒபிஸ் சேர்ட்டிபிகேற் காணும் அக்கா" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் படிப்பு என்றால் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சைதான். அதில் எடுத்த இசட் புள்ளி கம்பஸுக்குப் போகக் காணாவிட்டால், 20 வயதிலேயே ஒரு பிள்ளையின் கணக்கை முடித்துவிடுகிறோம்.

ஆனால் வழி இருக்கிறது. பி.ஐ.டி.யில் முதலாம் ஆண்டோடு நின்றாலும் டிப்ளோமா உண்டு, இரண்டாம் ஆண்டோடு நின்றால் உயர் டிப்ளோமா. பல வருடம் வயரிங்கோ மோட்டார் திருத்தமோ செய்து, கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள் தங்கள் அனுபவத்தைக் காட்டியே என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழுக்கு மதிப்பீடு கேட்கலாம். அந்த வரிசையில் 5, 6 ஆம் மட்டம் டிப்ளோமா, 7 ஆம் மட்டம் பட்டம். 35 வயதுக்காரருக்கு இதை ஆர் சொல்கிறார்கள்?

"இந்த வயதில் மண்டைக்குள் ஏறுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறுகிறது. ஒரு வாடிக்கையாளரின் விலாசத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்தால், ஒருநாள் மூன்றும் மூன்று விதமாக நிற்கும். அதைப் பேரேட்டில் பட்டு அறிந்தவள் நான். தரவுத்தளப் பாடத்தில், ஒரே தகவலை ஒரே இடத்தில் மட்டும் வைக்கும் நோர்மலைசேஷன் வந்தபோது எனக்குத் தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி இருந்தது. புரோகிராமிங்தான் கஷ்டம். பைத்தனில் பட்டியல் பூச்சியத்தில் தொடங்கும், என் பேரேட்டில் முதல் பக்கம் 1. அந்த ஒரு எண் பிசகைத் தேடி விடியும்வரை இருந்திருக்கிறேன். படிப்பிக்கிறவர் என்னைவிட 15 வயது இளையவர். நான் அவரை "சேர்" என்பேன், அவர் என்னை "அக்கா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

எனக்குப் பஞ்சம் நேரத்துக்குத்தான். "சூப்பர், தொடருங்கோ" என்று சொல்லும் அன்பை நான் தள்ளவில்லை. ஆனால் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களின் முழுநேர வகுப்புகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கென்றே பகலில் நடக்கின்றன. அதே ஆய்வுகூடங்களைப் பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வேலை செய்கிறவர்களுக்குத் திறந்துவிடுங்கள். வகுப்பு முடிந்தபின் வடமராட்சிப் பக்கம் போக ஒரு பஸ் விடுங்கள். பஸ் இல்லையென்றால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண்கள்தான். சோதனை நாளுக்கு லீவு தர அலுவலகங்கள் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குப் பிறகு அடுப்படி என் கணவருடைய பொறுப்பு. அப்படிப் படிக்கக் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் நான் முதல் செமஸ்டரோடு நின்றிருப்பேன்.

சேர யோசிக்கிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கோ. விண்ணப்பம் நிரப்ப உதவி செய்கிறேன். முதலாம் ஆண்டுக் குறிப்புக் கொப்பிகள் தமிழ் விளக்கத்தோடு கிடக்கின்றன, கொக்குவிலில் வந்து எடுக்கலாம்.